வேற்று மண்ணில் நிற்கும் சிப்பாய் தப்பு செய்தால் யார் கேட்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டில் நிறுத்தப்பட்ட படைகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஐந்து நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது. ஒருவர் "பட்டாளத்துக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே" என்பார், இன்னொருவர் "எல்லா நாட்டு ஆர்மியும் ஒன்றுதான், போகிற இடமெல்லாம் அக்கிரமம்" என்பார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தொடங்கி டீக்கடை வரை இதே கேள்விகளுக்கு இதே பதில்களைச் சொல்லிச் சலித்துவிட்டது. அதனால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன், இனிமேல் கேட்பவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம். எங்கள் சொந்தத்திலும் பட்டாளத்தில் இருந்தவர்கள் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது அதை வைத்துத் தொடங்குவதற்கு முன்.

குற்றம் எந்த நாட்டில் நடந்ததோ அந்த நாட்டுச் சட்டம்தானே? சிப்பாய்க்கு மட்டும் என்ன தனி?

நீங்களோ நானோ சிங்கப்பூரில் போய் ஒருவனை அடித்தால் சிங்கப்பூர் நீதிமன்றம்தான். சிப்பாய் அப்படிப் போவதில்லை, அவனை ஓர் அரசாங்கம் அனுப்புகிறது, இன்னொரு அரசாங்கம் தன் மண்ணில் இருக்க இடம் கொடுக்கிறது. அதனால் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து, இந்த ஆட்கள் தவறு செய்தால் யார் பிடிப்பது, யார் விசாரிப்பது, எந்தச் சிறை என்று முன்கூட்டியே எழுதிக்கொள்கின்றன. படைகளின் நிலை குறித்த ஒப்பந்தம் என்று பெயர். ஆங்கிலச் சுருக்கத்தில் சோஃபா என்பார்கள், அதில் வசதியாக உட்கார்ந்திருப்பவர் யார் என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க நாம் பேசப்போவது.

1951-இல் நேட்டோ ராணுவக் கூட்டணி நாடுகள் லண்டனில் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் பிறகு வந்த பலவற்றுக்கு மாதிரி. அதன்படி பெரும்பாலான குற்றங்களில் இரண்டு நாடுகளுக்குமே விசாரிக்கும் உரிமை உண்டு, சிக்கல் முதல் உரிமை யாருக்கு என்பதில்தான். சிப்பாய் பணியில் இருக்கும்போது செய்தது என்றால் அனுப்பிய நாட்டுக்கு, லீவு நாளில் ஊருக்குள் போய்ச் செய்தது என்றால் இடம் கொடுத்த நாட்டுக்கு. சகசிப்பாயையே அடித்தான், தன் நாட்டு அரசின் பொருளையே திருடினான் என்றால் அதுவும் அனுப்பிய நாட்டுக்குப் போகும்.

கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது?

இருக்கிறது. ஆனால் பணியில் இருந்தானா இல்லையா என்று யார் சொல்வது? பெரும்பாலும் அவனுடைய மேலதிகாரி ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுப்பார். இதில் எவ்வளவு இழுபறி வரும் என்பதற்கு 1957 ஜனவரியில் ஜப்பானில் நடந்ததைச் சொல்லலாம். குன்மா மாகாணத்தில் அமெரிக்கப் படை சுட்டுப் பழகும் திடல் ஒன்று, அங்கே சிதறிக் கிடக்கும் பித்தளைத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி விற்றுப் பிழைக்கும் கிராமத்துப் பெண்கள். காவலுக்கு நின்ற அமெரிக்க சிப்பாய் ஒருவன், கையெறி குண்டு வீசும் கருவியில் காலித் தோட்டாக் கூட்டை வைத்து ஒரு பெண்ணை நோக்கிச் சுட்டான். அவர் செத்துப்போனார், ஆறு குழந்தைகளுக்குத் தாய்.

காவல் பணியில் இருந்தான், ஆகவே எங்கள் வழக்கு என்றது அமெரிக்க ராணுவம். காலித் தோட்டாவால் ஒரு பெண்ணைச் சுடுவது எந்தக் காவல் பணியில் சேரும் என்று கேட்டது ஜப்பான். கடைசியில் அமெரிக்க அரசு ஒப்படைக்கச் சம்மதித்தது, அதை எதிர்த்து சிப்பாய் தரப்பு வழக்குப் போட, அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒப்படைப்பது சரி என்றது. ஜப்பான் நீதிமன்றம் கொடுத்தது மூன்றாண்டு, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. அவன் சிறைக்கே போகாமல் ஊர் திரும்பினான். இதைப் படித்தபோது எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது, ஏனென்றால் "உள்ளூர் நீதிமன்றம் என்றால் கடுமையாக இருக்கும்" என்கிற நம் நினைப்பு எப்போதும் சரியில்லை. பல பத்தாண்டுகள் கழித்து வெளியான ஆவணங்களிலிருந்து இன்னொன்றும் தெரியவந்தது: மிக முக்கியமான வழக்குகளைத் தவிர மற்றவற்றில் தன் உரிமையைப் பயன்படுத்துவதில்லை என்று 1953-லேயே ஜப்பான் அமெரிக்காவிடம் ரகசியமாக ஒத்துக்கொண்டிருக்கிறது. அதாவது தாளில் ஓர் உரிமை, தாளுக்கு அடியில் இன்னொரு தாள்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஓகினாவா பெயர் அடிபடுகிறதே, ஏன்?

ஜப்பானின் மொத்த நிலத்தில் ஓகினாவா 0.6 சதவீதம்தான். ஆனால் அந்த நாட்டில் அமெரிக்கப் படை மட்டுமே பயன்படுத்தும் தளங்களின் பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் அங்கேதான் இருக்கிறது. 1972 வரை அந்தத் தீவை அமெரிக்காவே ஆண்டது. வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் ஓடுபாதை, பள்ளிக்கூடத்துக்கு மேலே ஹெலிகாப்டர். 2004-இல் ஒரு ஹெலிகாப்டர் பல்கலைக்கழக வளாகத்திலேயே விழுந்தது, அமெரிக்க வீரர்கள் வந்து இடத்தை வளைத்துக்கொண்டு ஜப்பான் போலீஸைக்கூட உள்ளே விடவில்லை.

ஊர் வெடித்தது 1995 செப்டம்பரில். மூன்று அமெரிக்கப் படையினர் வாடகைக் காரில் போய், கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுமியைக் கடத்திப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். ஆட்கள் யாரென்று ஜப்பான் போலீஸுக்குத் தெரிந்தும் உடனே கைக்குக் கிடைக்கவில்லை, ஏனென்றால் குற்றம் சாட்டப்பட்டவன் தளத்துக்குள் இருந்தால் குற்றப்பத்திரிகை போடும்வரை அமெரிக்கக் காவலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் சொல்கிறது. அக்டோபர் 21-ஆம் தேதி 85,000 பேர் திரண்டார்கள். அடுத்த மாதம் அமெரிக்காவின் பசிபிக் படைத் தளபதி அட்மிரல் ரிச்சர்ட் மாக்கி நிருபர்களிடம், கார் வாடகைக்குக் கொடுத்த காசுக்கு ஒரு பெண்ணையே அமர்த்தியிருக்கலாமே, முட்டாள்கள் என்கிற பொருளில் பேசினார். அந்த வாய்க்காக அவர் பதவி போனது. குற்றவாளிகளுக்கு நாஹா நீதிமன்றம் ஆறரை முதல் ஏழு ஆண்டு வரை கொடுத்தது. கொலை, வன்புணர்வு போன்ற வழக்குகளில் குற்றப்பத்திரிகைக்கு முன்பே ஒப்படைப்பதை "அனுதாபத்துடன் பரிசீலிப்போம்" என்று அமெரிக்கா இறங்கி வந்தது. பரிசீலிப்போம், அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

சொந்த நாட்டு ராணுவ நீதிமன்றம் விசாரித்தால் என்ன குறை? அவர்களுக்குத்தானே ராணுவம் பற்றித் தெரியும்?

தெரியும்தான். கோர்ட் மார்ஷல் என்றாலே நாடகம் என்று நான் சொல்ல மாட்டேன், சில நேரம் ஊர் நீதிமன்றத்தைவிடக் கடுமையாகவும் இருக்கும். குறை வேறு இடத்தில் இருக்கிறது.

1998 பிப்ரவரியில் இத்தாலியின் கவாலேஸே பனிமலையில், பயிற்சிக்குப் பறந்த அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று அனுமதித்த உயரத்துக்கு வெகு கீழே வந்து ரோப் காரின் கம்பியை அறுத்துவிட்டது. 20 பேர் செத்தார்கள். பணியில் நடந்தது என்பதால் நேட்டோ ஒப்பந்தப்படி வழக்கு அமெரிக்காவுக்குப் போனது. வட கரோலினாவில் இருக்கும் ஒரு ராணுவ முகாமில் விசாரணை, விமானிக்கு விடுதலை. விமானத்துக்குள் எடுத்த வீடியோ நாடாவை அழித்ததற்காகத்தான் பிறகு பதவி நீக்கமும் சில மாதச் சிறையும். செத்தவர்களின் குடும்பங்கள் இதைக் கடல் தாண்டி உட்கார்ந்து கேட்டன: 20 உயிருக்கு ஒன்றுமில்லை, நாடாவுக்குச் சிறை.

தென் கொரியாவிலும் அப்படித்தான். 2002 ஜூனில் பிறந்தநாள் விழாவுக்குச் சாலையோரமாக நடந்துபோன 14 வயது மாணவிகள் இருவர் மீது அமெரிக்கக் கவச வாகனம் ஏறியது. நவம்பரில், அங்கேயே இருந்த அமெரிக்கத் தளத்தின் ராணுவ நீதிமன்றம் ஓட்டியவரையும் வாகனத் தலைவரையும் விடுவித்தது. விபத்தாகவே இருந்திருக்கலாம். ஆனால் செத்தது அந்த ஊர்ப் பிள்ளைகள், தீர்ப்புச் சொன்னது முழுக்க அமெரிக்க ராணுவத்தினர். சியோலில் ஆயிரக்கணக்கானோர் மெழுகுவத்தியோடு இறங்கினார்கள், டிசம்பரில் நடந்த அதிபர் தேர்தல் வரை அது எதிரொலித்தது. தீர்ப்பு சரியா தவறா என்பதற்கு முன்னால், அது யார் முன்னிலையில் நடந்தது என்பது இருக்கிறது. என் கட்சி இதுதான்: எந்த நாடு வேண்டுமானாலும் விசாரிக்கட்டும், பாதிக்கப்பட்டவன் கண்ணெதிரே, அவனுக்குப் புரிகிற மொழியில் நடக்கட்டும், முடிவை அவன் வீடு தேடிப் போய்ச் சொல்லட்டும்.

எங்கோ நாலு பேர் செய்ததற்கு முழுப் படையையும் குறை சொல்லலாமா?

கூடாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அரிசிக்குச் சரி, ஆட்களுக்குச் சரிவராது. ஆனால் அந்த நாலு பேரைச் சுற்றி இருந்த நாற்பது பேர் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம், கேட்டே ஆகவேண்டும்.

1993 மார்ச்சில் சோமாலியாவின் பெலெட்வெய்ன் நகரில் கனடாப் படை முகாமுக்குள் நுழைந்து பிடிபட்ட ஒரு சோமாலியச் சிறுவனை, இரவு முழுக்க அடித்தே கொன்றார்கள். பசித்த மக்களுக்கு உணவு போய்ச்சேரப் பாதுகாப்புக் கொடுக்கப் போன படை அது! அடித்தவர்கள் ஓரிருவர், ஆனால் அலறல் முகாமில் பலர் காதில் விழுந்தது, எட்டிப் பார்த்தவர்கள் உண்டு, போட்டோகூட எடுத்தார்கள். கனடா விசாரணை ஆணையம் அமைத்தது. 1995-இல் அந்த வான்குடைப் படைப்பிரிவையே கலைத்தது. ஆணையம் மேலே மேலே போக ஆரம்பித்ததும் அரசாங்கமே அதைப் பாதியில் முடிக்கச் சொன்னது, அது வேறு கதை. ஆனாலும் ஒரு நாடு தன் படைப்பிரிவு ஒன்றையே கலைத்தது சாதாரணம் இல்லை. ஆஸ்திரேலியாவும் 2020-இல், ஆப்கானிஸ்தானில் தன் சிறப்புப் படையினர் 39 பேரைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கொன்றதற்கு நம்பத்தகுந்த தகவல் இருக்கிறது என்று தன் சொந்த அறிக்கையிலேயே வெளியிட்டது.

மேலதிகாரி சொன்னதைச் செய்தேன் என்றால்?

செல்லாது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் விசாரணைகளிலேயே முடிந்துபோன விஷயம். ஆணை வெளிப்படையாகவே சட்டவிரோதம் என்றால் மறுப்பது சிப்பாயின் கடமை.

சொல்வது எளிது, துப்பாக்கிகளுக்கு நடுவே நின்று மறுப்பது எளிதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் மறுத்தவர்கள் இருக்கிறார்கள். 1968 மார்ச் 16, வியட்நாமின் மை லாய். அமெரிக்கப் படையினர் கிராமத்து மக்களைச் சுட்டுக்கொண்டே போகிறார்கள், மேலிருந்து பார்த்த ஹெலிகாப்டர் விமானி ஹ்யூ தாம்சன் தன் ஹெலிகாப்டரைச் சுடுபவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் நடுவே கொண்டுபோய் இறக்கினார், அவர்கள் இன்னும் மக்களைச் சுட்டால் நம் ஆட்களையே சுடுங்கள் என்று தன் துப்பாக்கிக்காரர்களிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போய் மக்களை மீட்டார். ஊருக்குத் திரும்பியபோது அவருக்குக் கிடைத்தது மிரட்டல் கடிதங்கள். பதக்கம் வந்தது 1998-இல், முப்பது ஆண்டு கழித்து. சுட்டவர்களில் தண்டனை பெற்றது லெப்டினன்ட் கேலி ஒருவர் மட்டும். ஆயுள் தண்டனை என்றார்கள், பெரும்பகுதி வீட்டுக்காவலிலேயே சில ஆண்டுகளில் முடிந்தது.

ஐ.நா. அமைதிப்படையின் நீலத் தொப்பிக்காரர்கள் அப்படியில்லையே?

பெரும்பாலோர் அப்படியில்லை. 2007-இல் லைபீரியாவுக்குப் போன இந்தியப் பெண் போலீஸ் அணியை அந்த ஊர்ப் பெண்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று படித்தால் மனசு நிறையும். ஆனால் அமைப்பாகப் பார்த்தால் ஐ.நா.வின் ஏற்பாடு இன்னும் மோசம். ஐ.நா. படைக்குப் போகும் சிப்பாயை விசாரிக்கும் உரிமை அவனை அனுப்பிய நாட்டுக்கு மட்டுமே. ஐ.நா.வால் முடிந்தது விசாரித்து அறிக்கை எழுதி, ஊருக்குத் திருப்பி அனுப்புவதுதான்.

ஹைட்டியில் நடந்ததைப் பாருங்கள். 2007-இல் அங்கிருந்த இலங்கைப் படையினரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாலியல் புகாரில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சாப்பாட்டுக்கும் சில்லறைக்கும் சிறுவர் சிறுமியரைச் சுரண்டியதில் 134 இலங்கைப் படையினர் சம்பந்தப்பட்டிருந்ததை ஐ.நா.வின் உள் அறிக்கையை வைத்து அசோசியேட்டட் பிரஸ் 2017-இல் எழுதியது. ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை என்றும் எழுதியது. சொந்த நாட்டில் தன் மக்கள்மீது நடந்தவற்றுக்கே ராணுவத்தைக் கூண்டில் ஏற்றாத அரசு, ஹைட்டிக் குழந்தைக்காக ஏற்றுமா என்று ஈழத்து நண்பர் ஒருவர் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

துப்பாக்கியே எடுக்காமலும் சாகடிக்கலாம். 2010-இல் நேபாளப் படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து, காலராவே இல்லாதிருந்த ஹைட்டியில் காலரா பரவியது. சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள், ஐ.நா.மீது வழக்குப் போட முடியாதபடி சட்டவிலக்கு உண்டு என்று தள்ளுபடி. அப்போதைய ஐ.நா. பொதுச்செயலர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில், ஆறு ஆண்டு கழித்து.

இந்திய சிப்பாய் வெளிநாட்டில் குற்றம் செய்தால்?

1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் அவன் எங்கே போனாலும் கூடவே போகும். அதில் 70-ஆவது பிரிவைக் கவனியுங்கள். இந்தியாவுக்குள் ஒரு சிப்பாய் பொதுமக்களில் ஒருவரைக் கொன்றாலோ வன்புணர்வு செய்தாலோ பொதுவாக அது சாதாரண நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும், கோர்ட் மார்ஷல் கூடாது. ஆனால் போர்ப்பணியில் இருந்தாலோ, இந்தியாவுக்கு வெளியே இருந்தாலோ கோர்ட் மார்ஷலே விசாரிக்கலாம். ஆக நம் நாட்டானுக்குக் கிடைக்கிற பாதுகாப்பு அயல்நாட்டானுக்குக் கிடையாது.

அப்படியானால் இலங்கைக்குப் போன அமைதிப்படை?

இந்தக் கேள்வி வராமல் எந்தத் தமிழ்ப் பேச்சும் முடியாது. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து போனபோது மாலை போட்டு வரவேற்றவர்கள் யாழ்ப்பாணத்து மக்கள். அக்டோபரில் புலிகளோடு போர் தொடங்கியது. அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படை நுழைந்து சுட்டது. நோயாளிகள், டாக்டர்கள், தாதியர், ஊழியர்கள் என்று அறுபதுக்கு மேல் செத்தார்கள். மறுநாள் காலை கைகளை உயர்த்தியபடி வெளியே வந்த டாக்டர் ஒருவரும் சுடப்பட்டார். உள்ளேயிருந்து புலிகள் சுட்டார்கள் என்பது இந்தியத் தரப்பு. சரி, அதையே எடுத்துக்கொள்வோம், அப்படியென்றாலும் வெளிப்படையாக விசாரித்து, சாட்சி சொல்ல அந்தத் தாதியரைக் கூப்பிட்டிருக்கலாமே? கூப்பிடவில்லை. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில், புலிகளின் தாக்குதலில் ஆறு சிப்பாய்கள் இறந்ததற்குப் பின் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்மக்கள் கொல்லப்பட்டார்கள். அதிலும் பொதுவெளியில் ஒரு வழக்கு இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் திடலில் ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட 13-ஆவது சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரில் 29 பேர் அங்கேயே செத்தார்கள், துணைக்கு வரவேண்டியவர்கள் வந்து சேரவே இல்லை. மொத்தம் சுமார் 1,200 இந்திய சிப்பாய்கள் அந்த மூன்றாண்டில் இறந்தார்கள். அவர்களை எதற்கு அனுப்பினோம், அங்கே யாரோடு சண்டை என்று அனுப்பியவர்களுக்கே தெளிவில்லை. 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதை இன்றும் சிலர் துரோகம் என்கிறார்கள், சிலர் அதுதான் சரி என்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது, ஆனால் அந்தச் சண்டையில் ஆஸ்பத்திரி காணாமல் போய்விடுகிறது.

நாட்டுக்காக உயிர் கொடுக்கிறவனைக் கேள்வி கேட்பது நன்றிகெட்டதனம் இல்லையா?

நம் வீட்டு ஆஸ்பத்திரியில் கவனக்குறைவால் ஒரு நோயாளி செத்தால் கேட்கிறோம், எந்த டாக்டரும் அதனால் கேவலப்பட்டுப் போவதில்லை. ஒழுங்காக நடந்துகொண்ட சிப்பாய்க்குத்தான் இந்த விசாரணை அதிகம் தேவை. இல்லாவிட்டால் அவனும் அந்த நாலு பேரோடு சேர்த்தே எண்ணப்படுவான். லீவில் வந்த பட்டாளத்தாரிடம் தனியாகப் பேசிப் பாருங்கள், யூனிட் பெயரைக் கெடுத்தவன்மேல் அவர்களுக்கு இருக்கிற கோபம் நம்மைவிட அதிகம்.

சட்டவிலக்கு கொடுக்காவிட்டால் யாரும் படை அனுப்ப மாட்டார்களே?

உண்மைதான். 2011-இல் அமெரிக்க வீரர்களுக்குச் சட்டவிலக்கு கொடுக்க ஈராக் மறுத்தது, அமெரிக்கப் படை கிளம்பிவிட்டது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈரான். 1964-இல் அமெரிக்க ராணுவ ஆலோசகர்களுக்கு அப்படி ஒரு விலக்கைக் கொடுத்து அந்நாட்டு மன்னர் ஷாவின் அரசு சட்டம் போட்டது, அதைக் கடுமையாகத் தாக்கிப் பேசிய மதகுரு கொமேனி நாடு கடத்தப்பட்டார். பதினைந்தாண்டு கழித்து அவர் திரும்பி வந்தபோது ஷா நாட்டிலேயே இல்லை.

இழப்பீடு கொடுத்துவிட்டால் போதாதா?

2012 பிப்ரவரியில் கேரளக் கடலுக்கு அப்பால், என்ரிகா லெக்ஸி என்னும் இத்தாலியக் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள் இருவர் மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகு என்று நினைத்துச் சுட்டார்கள். இறந்தவர்களில் ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். எட்டாண்டு இழுத்து, 2020-இல் சர்வதேசத் தீர்ப்பாயம் அவர்களுக்குச் சட்டவிலக்கு உண்டு, இந்தியாவுக்கு இழப்பீடு உண்டு என்றது. பத்துக் கோடி ரூபாய் வந்தது. குடும்பத்துக்கு நான்கு கோடி வீதம், படகுக்காரருக்கு இரண்டு கோடி, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. இத்தாலியில் விசாரிப்பார்கள் என்று சொல்லப்பட்டது, ரோம் நீதிமன்றம் 2022-இல் அதையும் மூடிவிட்டது. பணம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், கடலுக்குப் போகிற வீட்டில் நான்கு கோடி என்பது என்ன என்று தெரியும். ஆனால் தவறிச் சுட்டார்களா, அலட்சியமா என்று எந்த நீதிமன்றமும் கடைசிவரை விசாரித்துச் சொல்லவில்லை.

இப்போதாவது நிலைமை மாறியிருக்கிறதா?

கொஞ்சம். 2016-இல் ஐ.நா. பாதுகாப்பு அவை 2272-ஆம் தீர்மானத்தில், புகார் மலிந்த முழுப் படைப்பிரிவையே திருப்பி அனுப்ப வழி செய்தது. ஓகினாவாவில் 2023 டிசம்பரில் அமெரிக்க விமானப்படை வீரர் ஒருவர் 16 வயது நிரம்பாத சிறுமியைக் கடத்திப் பாலியல் வன்கொடுமை செய்தார். இந்த முறை ஜப்பான் நீதிமன்றமே விசாரித்து 2024 டிசம்பரில் ஐந்தாண்டு கொடுத்தது. ஆனால் மார்ச்சில் குற்றப்பத்திரிகை போட்டதும் டோக்கியோ அரசுக்குத் தெரியும், அமெரிக்கத் தூதரகத்துக்குத் தெரியும். அந்தத் தீவின் ஆளுநர் டென்னி தமாக்கிக்கு மட்டும் ஜூன் மாதம்தான் தெரிந்தது, அதுவும் செய்தி வெளியான பிறகு.